பிட் உடையவில்லை, ஸ்க்ரூதான் மழுங்கியது: ஸ்க்ரூட்ரைவர் பிட்டில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

வீடு மாறும் நாளில்தான் பலருக்கு ஸ்க்ரூட்ரைவரின் அருமை தெரியவரும். கட்டில், கம்ப்யூட்டர் மேஜை, புத்தக அலமாரி என்று எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். முதல் பதினொரு ஸ்க்ரூ சமர்த்தாகக் கழன்று வரும். பன்னிரண்டாவது மட்டும் ‘கிரிக்’ என்று வழுக்கும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துத் திருப்பினால், தலையில் இருந்த நட்சத்திரப் பள்ளம் வெறும் வட்டக் குழியாகிவிடும். அதற்குப் பிறகு டிரில் மெஷினை வைத்துத் தலையையே துளைத்து எடுக்க வேண்டியதுதான். பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு ஸ்க்ரூ, பல ஆயிரம் ரூபாய் மேஜையைக் கெடுத்துவிடும்.

இப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவர்கள் அடுத்து செய்வது ஒன்றுதான்: “நல்ல ஸ்ட்ராங்கான பிட்டா ஒண்ணு வாங்கிடணும்” என்று ஆன்லைனில் தேடுவது. அங்கே ‘ஹெவி டியூட்டி’, ‘இம்பாக்ட் ரேட்டட்’, ‘100 இன் 1’ என்று பட்டியல் நீளும். யூடியூபில் பார்த்தால், பிட்டை வைஸில் இறுக்கி, உடையும்வரை முறுக்கி, கடைசியாக உடைந்ததற்குப் பரிசு கொடுப்பார்கள். பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டிலும் ஆபீஸிலும் நடப்பது வேறு. அங்கே பிட் உடைவது அபூர்வம், மழுங்குவது ஸ்க்ரூதான்.

ஆகவே, பிட்களை ஒப்பிடும்போது வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் பொருத்தம், அடுத்து ஆயுள், கடைசியில்தான் பலம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அதற்கான விலையைக் கொடுப்பது ஸ்க்ரூவும் அது பிடித்திருக்கும் பொருளும்தான்.

‘ஸ்டார்’ என்பது ஒரே வகை இல்லை

திருப்புளி என்று தாத்தாக்கள் சொன்ன கருவிக்கு நம் ஊர்க் கடைகளில் இரண்டே பெயர்கள்: ‘ஸ்டார்’, ‘மைனஸ்’. கூட்டல் குறி மாதிரி இருந்தால் ஸ்டார், ஒற்றைக் கோடு என்றால் மைனஸ். பாதிப் பிரச்சினை இந்த ‘ஸ்டார்’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் தொடங்குகிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் கூட்டல் குறிக்குள் குறைந்தது மூன்று வகைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பிலிப்ஸ். பிட்டில் ‘பிஎச்’ என்று பொறித்திருக்கும். உலகம் முழுக்க அதிகம் புழங்குவது இதுதான். லேப்டாப், சுவிட்ச் பாக்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்று எங்கும் பார்க்கலாம்.

இரண்டாவது, போஸிட்ரைவ். இதில் ‘பிஇஸட்’ என்று பொறித்திருக்கும். 1960-களில் உருவானது. ஐரோப்பிய மரச்சாமான்களில் சர்வசாதாரணம். அடையாளம் காண்பது சுலபம். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு இடையே, ஸ்க்ரூ தலையில் நான்கு மெல்லிய கோடுகள் கீறியிருக்கும். மாடுலர் கிச்சனில் மாட்டியிருக்கும் ஜெர்மன், ஆஸ்திரியக் கம்பெனிகளின் கீல்களைத் திறந்து பார்த்தால் இந்தக் கோடுகள் தெரியும். அலமாரிக் கதவு ஒரு பக்கம் தொங்கிப்போனால் திருப்பிச் சரிசெய்ய வேண்டிய ஸ்க்ரூ அதுதான். அதற்கு உரியது பிஇஸட் 2. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதைத் திருப்புவது பிஎச் 2 பிட்டை வைத்து.

மூன்றாவது, ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வகை. பார்ப்பதற்கு அச்சு அசலாக பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உள்ளே போய் உட்காராது. ஜப்பானியக் கம்பெனிகளின் கூட்டில் இங்கே வந்த பழைய பைக்குகளில் இந்த ஸ்க்ரூக்கள் உண்டு. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு கார்பரேட்டர் ஸ்க்ரூவின் தலை மழுங்கிய கதை ஒன்றாவது இருக்கும். “மெட்டலே சரியில்ல” என்று பழியை ஸ்க்ரூ மேல் போட்டுவிடுவோம். பல நேரம் குற்றவாளி, பொருந்தாத பிட். ஸ்க்ரூ தலையில் ஒரு சிறு புள்ளி குத்தியிருந்தால், அது ஜப்பானிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அளவும் சரியாக இருக்க வேண்டும். பிலிப்ஸில் 2, 2.5, 3, 4 மில்லிமீட்டர் என்று ஸ்க்ரூவின் தடிமனுக்கு ஏற்ப பிட்டின் எண் மாறும். 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு பிஎச் 0, 2.5, 3 மில்லிமீட்டருக்கு பிஎச் 1, 3.5 முதல் 5 வரை பிஎச் 2; 6 மில்லிமீட்டருக்கு பிஎச் 3. பிஎச் 2 ஸ்க்ரூவில் பிஎச் 1 பிட் சுகமாக உள்ளே போகும். அதனால்தான் ஆபத்து. உள்ளே போனாலும் பள்ளத்தின் அடிப்பகுதியை மட்டுமே அது தொடும். சுவரின் பெரும்பகுதி சும்மா இருக்க, மொத்தச் சுமையும் ஒரு சிறு விளிம்பின் மேல் விழும். அந்த விளிம்புதான் முதலில் நசுங்கும்.

ஏன் வழுக்குகிறது?

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸுக்கு இந்த ஸ்க்ரூவுக்கான காப்புரிமைகள் 1936-ல் கிடைத்தன. மூல யோசனை ஜான் தாம்சன் என்பவருடையது. அதை வாங்கி மேம்படுத்தியவர் பிலிப்ஸ். அதே காலகட்டத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. மைனஸ் ஸ்க்ரூவில் முனை பக்கவாட்டில் நழுவிவிடும். வேகமாக ஓடும் தொழிற்சாலை வரிசைக்கு அது ஒத்துவராது. பிலிப்ஸில் முனை தானாகவே நடுவில் போய் உட்காரும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வசதி.

அப்படித் தானாக உட்காருவதற்குக் காரணம், பள்ளம் கூம்பு மாதிரி உள்ளே போகப் போகக் குறுகுவது. சாய்வான சுவர் என்பதால், திருப்பும் விசையில் ஒரு பகுதி பிட்டை மேல்நோக்கித் தள்ளும். கை அழுத்தம் அதைவிடக் குறைந்தால் பிட் எகிறி வெளியே வரும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘கேம் அவுட்’ என்கிறார்கள். ஒவ்வொரு முறை எகிறும்போதும் பள்ளத்தின் விளிம்பைக் கொஞ்சம் சீவிவிட்டுத்தான் வரும். நாலைந்து முறை எகிறினால் கதை முடிந்தது.

போஸிட்ரைவில் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால் மேலே தள்ளும் விசை குறைவு. ஆனால் அந்தப் பள்ளத்தில் பிலிப்ஸ் பிட்டை வைத்தால் கொஞ்சம் தளர்வாக ஆடும், வழுக்கும். மாற்றிச் செய்தால், அதாவது பிலிப்ஸ் பள்ளத்தில் போஸிட்ரைவ் பிட்டை வைத்தால், முழுதாக இறங்கவே இறங்காது. இரண்டுக்கும் அண்ணன் தம்பி உறவு உண்டு; ஆனால் ஒருவர் சட்டை இன்னொருவருக்குச் சேராது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொருந்தாத பிட் எவ்வளவு கடினமான எஃகால் ஆனதோ, அவ்வளவுக்கு ஸ்க்ரூவுக்கு ஆபத்து. மட்டமான பிட் என்றால் அதன் முனை மழுங்கும், ஸ்க்ரூ பிழைத்துக்கொள்ளலாம். உயர்தர பிட் விட்டுக்கொடுக்காது. ஸ்க்ரூவைத்தான் உளி மாதிரிச் செதுக்கும். குறிப்பாகப் பித்தளை ஸ்க்ரூ, பாத்ரூம் பிட்டிங்குகளில் வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ இரண்டும் இதற்குச் சீக்கிரம் பலியாகும். “விலை அதிகமான பிட் வாங்கியும் இப்படி ஆயிடுச்சே” என்று புலம்புபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

பலம்: எண் சொல்வதும் சொல்லாததும்

முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். சாதாரணக் கைப்பிடி ஸ்க்ரூட்ரைவரை வைத்து ஒருவர் கொடுக்கக்கூடிய முறுக்கு பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். லேப்டாப்பில் இருக்கும் 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை இறுக்க, கால் நியூட்டன் மீட்டர் அளவே போதும். 4 மில்லிமீட்டர் மர ஸ்க்ரூ சுமார் 3 நியூட்டன் மீட்டரிலேயே முறியத் தொடங்கும். ஓரளவு தரமான பிஎச் 2 பிட் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். அதாவது, சரியாகப் பொருந்தியிருந்தால் பிட் உடைவதற்கு வெகு முன்பே ஸ்க்ரூ முறிந்துவிடும்.

அப்படியிருக்க, ஒரு பிட் 15-ல் உடைகிறது, இன்னொன்று 18-ல் உடைகிறது என்ற ஒப்பீட்டால் மேஜையைக் கழற்றுபவருக்கு என்ன பயன்? மலையேறும் ஜீப்பின் இழுவைத் திறனைப் பார்த்து, தினமும் ஆபீஸ் போக ஸ்கூட்டர் வாங்குவது மாதிரிதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கம்பியின் முறுக்கு தாங்கும் திறன், அதன் விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. விட்டம் இரட்டிப்பானால் திறன் எட்டு மடங்கு. ஆறு இதழ் பூ மாதிரி இருக்கும் டார்க்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். டி20 முனையின் அகலம் சுமார் 3.9 மில்லிமீட்டர், டி25 முனையின் அகலம் சுமார் 4.5 மில்லிமீட்டர். பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதே எஃகில் செய்தாலே, டி25 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முறுக்கைத் தாங்கும். ஒரு பிராண்டுக்கும் இன்னொரு பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஓர் அளவு கூட்டினால் கிடைப்பது பல நேரம் அதிகம். பள்ளத்தில் நுழையும் அளவுகளில் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுப்பது, செலவே இல்லாத பலம். ஆக, பலம் வேண்டும் என்றாலும் பொருத்தத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பலம் நிஜமாகவே முக்கியமான இடங்கள் இல்லாமல் இல்லை. இம்பாக்ட் டிரைவர் எனப்படும் பேட்டரி மெஷின் அவற்றில் ஒன்று. அது திருப்புவதோடு நிற்பதில்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுவாட்டில் சுத்தியலால் அடிப்பது போல அடித்துத் திருப்பும். அதன் உச்ச முறுக்கு பல மாடல்களில் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். 25 மில்லிமீட்டர் நீளமுள்ள சாதாரண பிட்டை அதில் மாட்டினால் முனை தெறித்துக் கண்ணில் படக்கூட வாய்ப்பு உண்டு. அதற்கென்று வரும் பிட்களில் நடுப்பகுதியை வேண்டுமென்றே ஒல்லியாக்கி இருப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பகுதி ஸ்பிரிங் மாதிரி லேசாக முறுகி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆக, அங்கேயும் பலம் என்பது விறைப்பு அல்ல, வளைந்துகொடுக்கத் தெரிவதுதான். கைக்கருவி வைத்திருப்பவருக்கு அந்த பிட்டால் பெரிய லாபம் இல்லை.

ஆயுள்: பெயரைவிடப் பதம் முக்கியம்

பிட்டின் மேல் ‘சிஆர்-வி’ என்று இருந்தால் குரோம் வனேடியம் எஃகு. ‘எஸ்2’ என்று இருந்தால் சிலிக்கன், மாலிப்டினம் கலந்த, அதிர்ச்சி தாங்கும் கருவி எஃகு. பொதுவாகக் குரோம் வனேடியம் பிட்களின் கடினம் ராக்வெல் சி அளவுகோலில் 50-களின் நடுவில் இருக்கும். எஸ்2 பிட்கள் 58 முதல் 62 வரை போகும். எண் கூடினால் தேய்மானம் குறையும். ஆனால் கடினம் கூடக் கூட நொறுங்கும் தன்மையும் கூடும். கண்ணாடி கடினமானது, தட்டினால் சிதறும். ஈயம் மென்மையானது, உடையாது, ஆனால் நெளிந்துவிடும். நல்ல பிட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அந்த நடுநிலையைத் தருவது எஃகின் பெயர் அல்ல. அதைச் சுட்டு, குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சுட்டுப் பதம் ஏற்றும் முறை. ஊர்க் கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதும் இதே கலைதான். பதம் தவறினால் எஸ்2 என்று எழுதிய பிட்டும் பத்தாவது ஸ்க்ரூவில் முனை நொறுங்கும். பதம் சரியாக இருந்தால் குரோம் வனேடியமே வருடக்கணக்கில் உழைக்கும். மலிவான பெட்டிகளின் உண்மையான குறை இதுதான்: ஒரே பெட்டியில் ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்திலிருப்பது முறுக்கிய முறுக்கு மாதிரி ஆகிவிடும். நல்ல கம்பெனிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, எல்லா பிட்டும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உத்தரவாதத்துக்குத்தான். ஒரே ஒரு பிட்டை உடைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் சோதனைகளை முழுதாக நம்ப முடியாததற்கும் இதுவே காரணம்.

தங்க நிறத்தில் மின்னும் பிட்கள்? டைட்டேனியம் நைட்ரைடு பூச்சு என்பது உண்மையிலேயே மிகக் கடினமானது. மேற்பரப்பின் தேய்மானத்தைக் குறைக்கும். ஆனால் அதன் தடிமன் சில மைக்ரான்களே. உள்ளே இருக்கும் எஃகு மட்டமானால் பூச்சால் காப்பாற்ற முடியாது. நிறத்துக்காக மட்டும் அதிகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆயுளைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத ஒரு விஷயம்: பிட் என்பது தேய்ந்து தீர வேண்டிய பொருள். பென்சில் மாதிரி, பிரேக் ஷூ மாதிரி. முனை வட்டமாகிப்போன பிட், தொற்று நோய் மாதிரி தான் தொடும் ஒவ்வொரு புது ஸ்க்ரூவையும் கெடுக்கும். ஆனால் நம் வீடுகளில் பிட்டைத் தூக்கிப் போட மனசு வராது. “இன்னும் நல்லாத்தானே இருக்கு” என்று டப்பாவிலேயே போட்டு வைப்போம். அந்த டப்பாதான் அடுத்த மழுங்கலின் பிறப்பிடம். தேய்ந்த பிட்டை மாற்றும் செலவு ஒரு பிரியாணிக்குள் அடங்கிவிடும். மழுங்கிய ஸ்க்ரூவால் வரும் செலவு அடங்காது.

வழுக்காத ஸ்க்ரூக்கள் இருக்கும்போது?

பிலிப்ஸுக்கு முன்பே கனடாவில் பீட்டர் ராபர்ட்சன் சதுரப் பள்ளம் கொண்ட ஸ்க்ரூவை உருவாக்கி, 1909-ல் காப்புரிமை பெற்றார். முனை கச்சிதமாகப் பொருந்தும். ஸ்க்ரூவை ஒரு கையாலேயே பிடித்து முடுக்கலாம். ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி கார்களில் அதைப் பயன்படுத்தியது. ஆனால் தயாரிப்பு உரிமத்தை விட்டுக்கொடுக்க ராபர்ட்சன் சம்மதிக்கவில்லை. கனடாவில் இன்றும் அது கோலோச்சுகிறது, வெளியே பரவவில்லை. தரம் மட்டும் ஒரு பொருளை வெற்றி பெறவைக்காது என்பதற்கு நல்ல உதாரணம்.

1967-ல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் உருவாக்கிய டார்க்ஸ், செங்குத்துச் சுவர்கள் கொண்டது. பிட்டை வெளியே தள்ளும் விசை அதில் கிட்டத்தட்ட இல்லை. கார்கள், சைக்கிளின் டிஸ்க் பிரேக் தட்டு, ஹார்ட் டிஸ்க் என்று பல இடங்களில் வந்துவிட்டது. புது அலமாரி, ஷெல்ஃப் என்று ஸ்க்ரூவையும் நாமே வாங்கும் வேலைகளில், தயங்காமல் டார்க்ஸ் தலை வாங்கலாம். பிட்டுக்குச் செலவழிக்கும் காசைவிட அது அதிகம் மிச்சம் பிடிக்கும். ஆனால் ஏற்கனவே மாட்டியிருக்கும் ஸ்க்ரூவை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே அதற்கு ஏற்ற பிட்டைத் தேடுவது ஒன்றே வழி.

அந்த வழியை வேண்டுமென்றே அடைப்பவர்களும் உண்டு. ஐபோனின் அடிப்பகுதியில் இருப்பது ஐந்து இதழ் கொண்ட பென்டலோப் ஸ்க்ரூ. உள்ளே சில இடங்களில் மூன்று கைகள் கொண்ட ஒய் வடிவ ஸ்க்ரூ. சாதாரணப் பெட்டியில் இதற்கான பிட் இருக்காது. பொருத்தம் என்பது இங்கே தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல. நாம் வாங்கிய பொருளை நாமே திறக்கலாமா என்ற உரிமைக் கேள்வியும்கூட. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால் அந்த உரிமை கைக்கு எட்ட வேண்டுமானால், கையில் சரியான பிட்டும் வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் இந்தச் சிறிய பிட்கள் தனித்தனியாகவே கிடைக்கின்றன.

“மெக்கானிக் ஒரே ஸ்க்ரூட்ரைவர்ல எல்லாத்தையும் கழட்டுறாரே?”

நியாயமான கேள்வி. இருபது வருடம் கை பழகிய மெக்கானிக், பொருந்தாத முனையையும் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்திப் பிடிப்பார். எப்போது வழுக்கப் போகிறது என்பது அவர் கைக்கு முன்கூட்டியே தெரியும். வருடத்துக்கு நாலு முறை ஸ்க்ரூட்ரைவர் எடுப்பவருக்கு அந்தக் கை கிடையாது. கை அனுபவம் குறைவாக இருப்பவருக்குத்தான் பொருத்தம் இன்னும் அதிகமாகத் தேவை. தவிர, எந்த அனுபவசாலி மெக்கானிக்கைக் கேட்டாலும், மழுங்கிய ஸ்க்ரூக்களைப் பிடுங்குவதே வேலையில் பாதி என்பார்.

“அப்படின்னா 100 பிட் இருக்கிற பெட்டி வாங்கினா எல்லா அளவும் கிடைச்சிடுமே?” என்பது அடுத்த கேள்வி. அளவு கிடைக்கும், ஆனால் அவற்றில் எண்பதை யாரும் தொடப் போவதில்லை. தினமும் தேவைப்படும் பிஎச் 2 அதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது தேய்ந்த பிறகு பக்கத்தில் இருக்கும் பிஎச் 1-ஐ எடுத்து ஒப்பேற்றுவோம். பெட்டி நிறைய பிட் இருந்தும் கடைசியில் பொருந்தாத பிட்டுக்கே வந்து நிற்போம்.

எதைப் பார்த்து வாங்கலாம்?

ஒரு வீட்டுக்குத் தேவையான பட்டியல் சின்னதுதான்.

- பிஎச் 2: மூன்று. பிஎச் 1: இரண்டு. அதிகம் தேய்பவை இவைதான்.
- பிஇஸட் 2: இரண்டு. மாடுலர் கிச்சன், ஐரோப்பிய பாணி மரச்சாமான் இருந்தால் கட்டாயம்.
- டார்க்ஸில் டி10, டி15, டி20, டி25: தலா ஒன்று.
- மைனஸில் 4, 6 மில்லிமீட்டர்: தலா ஒன்று. டெஸ்டரை மைனஸ் ஸ்க்ரூட்ரைவராகப் பயன்படுத்தும் பழக்கத்துக்கு விடை கொடுக்கலாம். அது மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க, முறுக்குவதற்கு அல்ல.
- லேப்டாப், மொபைலுக்குத் தனியாக பிஎச் 0, பிஎச் 00, பிஎச் 000 கொண்ட சிறிய செட். பெரிய பிட்டின் அறுகோணத் தண்டு 6.35 மில்லிமீட்டர், சிறியவற்றுக்கு 4 மில்லிமீட்டர். கைப்பிடியும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது பிட்டின் மேல் வகையும் எண்ணும் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் ‘எஸ்2’ என்று மட்டும் போட்டு அளவைப் போடாத பிட்டை ஒதுக்கிவிடலாம். முனையின் விளிம்புகள் நான்கும் ஒரே மாதிரி, பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

பொருத்தத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஸ்க்ரூவைப் பிட்டின் முனையில் செருகி, படுக்கைவாட்டில் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கலாம். காந்தம் இல்லாத பிட்டிலும் ஸ்க்ரூ விழாமல் நின்றால் பொருத்தம் நன்று. ‘லொட லொட’ என்று ஆடினால் வேறு அளவோ வேறு வகையோ தேட வேண்டும். காந்த பிட்டில் ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பொருத்தம் என்று ஏமாறக் கூடாது. ஆடுகிறதா என்பதுதான் சோதனை.

ஆயுளை ஒப்பிட நினைப்பவர்கள் இரண்டு பிராண்டுகளில் ஒரே அளவு பிட் வாங்கி, ஒரே பலகையில், ஒரே பெட்டி ஸ்க்ரூக்களை இருபது இருபதாக முடுக்கிப் பார்க்கலாம். எது முதலில் வழுக்கத் தொடங்குகிறது, எதன் விளிம்பு முதலில் பளபளவென்று உருண்டு போகிறது என்று கவனித்தால் போதும். உடைக்கும் வீடியோவைவிட இது பயனுள்ள சோதனை.

வேலை செய்யும்போது பட்டறை விதி ஒன்றுதான்: முக்கால் பங்கு அழுத்தம், கால் பங்கு திருப்பல். பள்ளத்தில் பெயின்ட், அழுக்கு, மரத்தூள் இருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியான பிட்டும் முழுதாக இறங்காது. முதல் முறை வழுக்கியதும் நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு வழுக்கலோடு நிறுத்தினால் பிட்டை மாற்றி ஸ்க்ரூவைக் காப்பாற்றலாம். ஐந்தாவது வழுக்கலுக்குப் பிறகு எந்த பிராண்டும் உதவாது.

கேட்க வேண்டியவர்கள் நாம்தான்

கடைக்காரரிடம் “ஸ்டார் பிட் ஒண்ணு குடுங்க” என்று கேட்டால், கைக்கு அகப்பட்டதைத்தான் கொடுப்பார். “அண்ணே, பிஇஸட் 2 இருக்கா?” என்று கேட்கத் தொடங்கினால், அடுத்த முறை அதையும் வாங்கி வைப்பார். ஆன்லைனில் விற்பவர்களும் படத்துக்குக் கீழே வகை, அளவு, எஃகு, கடினம் நான்கையும் எழுத வேண்டும். மரச்சாமான் கம்பெனிகள் ஆலன் கீ ஒன்றைப் பொட்டலத்தில் போடுவது மாதிரி, தங்கள் ஸ்க்ரூவுக்கு உரிய பிட் ஒன்றையும் போட்டுவிட்டால் செலவு சில ரூபாய்கூடக் கூடாது. அந்தப் பொருள் இரண்டு வீடு கூடுதலாக மாறித் தாங்கும்.

ஒரு பிட் எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது அதைச் செய்தவருக்குப் பெருமை. அது எதில் பொருந்தும் என்பதுதான் வாங்குபவருக்குத் தேவை. பிட் தேயலாம், தீரலாம், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஸ்க்ரூவின் தலை போனால், அது பிடித்திருக்கும் பொருளும் சேர்ந்து போய்விடும்.